ஜீப் பிரேக் கிட் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் பழைய ஜீப்புகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடைக்காரப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் நெடுநாள் வாடிக்கையாளன். என்னிடம் இருப்பது மஹிந்திராவின் பழைய ஜீப் எம்எம் 540, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் லைனிங் ஒட்டிய ஷூ விரிந்து உரசி நிறுத்துவது). இந்த வண்டிக்குச் சாமான் தேடி ஜே.சி. ரோட்டுக்கும் சிவாஜிநகருக்கும் அலைகிறவர்களை உங்களுக்கு நன்றாகவே தெரியும். எங்கள் அலைச்சல்தான் உங்கள் வியாபாரம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. கேட்பது ஒன்றே ஒன்று: பிரேக் சாமான் எதுவானாலும் தயாரித்தவர் பெயரை எழுதி பில் கொடுங்கள். லோக்கல் சரக்கு என்றால் லோக்கல் என்று வாயைத் திறந்து சொல்லிக் கொடுங்கள்.

போன மாதம் முன்சக்கர வீல் சிலிண்டர்களுக்கு (பெடலை மிதித்தால் பிஸ்டனைத் தள்ளி ஷூவை விரிப்பவை) ஒரு கடையில் ரிப்பேர் கிட் வாங்கினேன், உள்ளே போடும் ரப்பர் கப்புகள்தான். உறைமேல் பெயர்பெற்ற கம்பெனி ஒன்றின் பெயர் ஓர் எழுத்து மட்டும் மாறி அச்சாகியிருந்தது. பில் கேட்டதற்கு, “பழைய வண்டிக்கு எதுக்கு அண்ணே பில்லு? பில்லு போட்டா ரேட்டு ஏறும்” என்றார் கடைக்காரத் தம்பி. கடைசியில் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் பென்சிலால் ‘பிரேக் கிட்’ என்று எழுதியிருந்தது. கடைப் பெயர்கூடக் கிடையாது.

அந்தக் கிட்டைப் போட்ட வண்டியில்தான் குடும்பத்தோடு நந்தி மலைக்குப் போனேன். 1,478 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது முதலில் வண்டி இடது பக்கம் இழுத்தது. அப்புறம் லைனிங் தீயும் வாடை. இரண்டாவது கியரில்தான் வந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவுக்கு முன் பெடலை மிதித்தால் கால் பஞ்சில் இறங்குவதுபோல் தரைவரை போனது. பம்ப் அடித்து, முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஓரங்கட்டினேன். பின் சீட்டில் அம்மா இருந்தார். அரை மணி நேரம் ஆறியதும் பெடல் பழையபடி மேலே வந்துவிட்டது. “அதான் சரியாயிடுச்சே, கிளம்பலாமே” என்றார்கள் வீட்டில். அப்படித் தானாகச் சரியானதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மெக்கானிக் சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். மூன்று சுற்றின, முன் இடது அசையவில்லை. சிலிண்டரிலிருந்து ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைத் திறந்தார். ஆயில் வரும் ஹோஸ் அடைத்து உள்ளே பிரஷர் மாட்டியிருந்தால் அப்போதே சக்கரம் விட்டிருக்கும், விடவில்லை. டிரம்மைக் கழற்றினால் லைனிங் கருகிப் பளபளவென்று இருக்கிறது. சிலிண்டருக்குள் ரப்பர் கப் ஊதிப்போய் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பித்தான் எடுக்க முடிந்தது. ஷூ திரும்பாமல் டிரம்மில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரிதான் கணக்கு. குமிழி விட்ட ஆயிலைப் பெடல் எப்படித் தள்ளும்?

கடைக்குத் திரும்பிப் போனேன். “நீங்க ஊத்துன ஆயில் சரியில்லை” என்று பதில் வந்தது. ஐயா, அதே ஆயில்தான் பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரிலும் பின்சக்கரங்களிலும் ஓடுகிறது. அங்கே இருக்கும் பழைய கப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே! சந்தேகமே வேண்டாம் என்று மெக்கானிக் அதே வகைக் கிட்டில் மீந்த கப் ஒன்றையும், ஒரு நல்ல கம்பெனி கப்பையும் ஒரே கண்ணாடி டம்ளரில் அதே ஆயில் ஊற்றி ஊறப்போட்டார். சில நாளில் கடைச் சரக்கு சிலிண்டர் துளைக்குள் நுழைய மறுத்தது, மற்றது வழுக்கிக்கொண்டு போனது. இன்ஜின் ஆயிலுக்கு ஆகும் ரப்பர் பிரேக் ஆயிலில் ஊதிவிடும். இரண்டும் கறுப்புதான், கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் தயாரித்தவர் பெயரைக் கேட்கிறேன்.

டம்ளரையே கொண்டுபோய்க் காட்டினோம். “மாட்டின சாமானை வாபஸ் எடுக்கறதில்லை” என்றார்கள். நல்ல கொள்கை. மாட்டாமல் அது கெட்ட சரக்கு என்று கண்டுபிடிக்கும் வழியையும் சொல்லித் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். கடை வாசலில் லைட் பார், ஸ்நார்க்கல், வண்டியைவிடப் பெரிய டயர் எல்லாம் மாலை போட்ட மாதிரி தொங்குகின்றன. டயர் பெரிதானால் நிறுத்துவதற்கும் கூடுதல் பலம் வேண்டும் என்று எந்தப் பையனிடமாவது சொல்லி விற்கிறீர்களா? டிரம்முக்குப் பதில் பொலேரோ வண்டியின் டிஸ்க் பிரேக் மாற்றித் தருகிறேன் என்று காலிப்பரும் டிஸ்க்கும் கட்டிக் கொடுக்கிறீர்கள், மாஸ்டர் சிலிண்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. டிரம்முக்கான மாஸ்டரில் லைனில் கொஞ்சம் பிரஷரைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். அதை அப்படியே டிஸ்க்கோடு இணைத்தால் டிஸ்க்கை அழுத்தும் பேட் எப்போதும் உரசிக்கொண்டிருக்கும். பெடலுக்குப் பலம் கூட்ட, வேக்குவத்தில் ஓடும் பூஸ்டர் வைக்கிறேன் என்பவரிடம் டீசல் இன்ஜினுக்கு வேக்குவம் பம்ப் தனியாக வேண்டும் என்று யார் சொல்வது? சேறு, ஆறு, மலை என்று எல்லா இடத்துக்கும் போக எங்களைத் தயார் செய்கிறீர்கள். நிற்பதுதான் எங்கள் சொந்தப் பொறுப்பு போலிருக்கிறது.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். உங்களில் நேர்மையாக விற்கிறவர்கள் பலர் உண்டு. “இது உனக்கு ஆகாது, அடுத்த கடையில் பார்” என்று திருப்பி அனுப்பிய பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். மற்றவர்களிடம்தான் பணிவாகக் கேட்கிறேன்: வீல் சிலிண்டர், மாஸ்டர் கிட், ஹோஸ், லைனிங் இந்த நான்குக்காவது கடைப் பெயரோடு, தயாரித்தவர் பெயரோடு பில் போடுங்கள். ஜிஎஸ்டி சேர்ந்தால் சேரட்டும், கட்டுகிறேன். உறையைப் பிரிக்காமல் கொடுங்கள். ஊதிப்போன கப்பை ஒருவர் கொண்டுவந்தால், அதே கட்டுச் சரக்கில் மிச்சமுள்ளதை அடுத்தவருக்கு விற்காமல் நிறுத்தி வையுங்கள்.

வலது பக்கத்துக்கும் இப்போது முழு சிலிண்டரே மாற்ற வேண்டியிருக்கிறது. இந்தச் சனிக்கிழமை கடைக்கு வருவேன். பில்லோடு கொடுக்கிற கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு ஜீப்காரன்