பிறவிக் குணம் பற்றிய இரு கேள்விகள்: ஐரோப்பிய சமூக ஆய்வினருக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய சமூக ஆய்வின் லண்டன் தலைமையகத்தாருக்கு,

வணக்கம்.

ஐரோப்பிய நாட்டு மக்களின் கருத்துகளைக் கேட்டறிய 2002 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள் நடத்திவரும் கருத்தாய்வின் ஏழாம் சுற்றில், 2014–15இல், 21 நாட்டு மக்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டீர்கள். சில இனங்கள் பிறவியிலேயே அறிவில் குறைந்தவையா என்பது ஒன்று. சில இனங்கள் பிறவியிலேயே கூடுதல் உழைப்பாளிகளா என்பது மற்றொன்று. கேட்கத் துணிந்ததற்கு முதலில் நன்றி. ஆனால் பதில்கள் வெளியில் பேசப்படும் விதம் எனக்குக் கவலை தருகிறது.

போர்ச்சுகலிலும் செக் குடியரசிலும் ஒப்புக்கொண்டோர் அதிகம், சுவீடனில் மிகக் குறைவு என்பதைப் படித்ததும் பலர் நாடுகளை நல்லவை, கெட்டவை என்று வரிசைப்படுத்திவிடுகிறார்கள். சுவீடன் மக்கள் இயல்பிலேயே சமத்துவம் பேணுபவர்கள் என்று சொல்பவர், எந்தப் பிழையை அளக்க நீங்கள் புறப்பட்டீர்களோ அதையே செய்கிறார். அதே சுவீடனின் உப்சாலா நகரில்தான் 1922இல் இன உயிரியலுக்கென்றே, அதாவது மனிதரை இனம் பிரித்து உயர்வு தாழ்வு கற்பித்த துறைக்கென்றே, அரசு ஒரு நிறுவனத்தைத் திறந்தது. 1935க்கும் 1975க்கும் இடையே சட்டத்தின் துணையோடு சுமார் 63,000 பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வற்புறுத்தலுக்கு இணங்கியவர்கள் பலர். 1999இல்தான் அவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 2009இல் நடைமுறைக்கு வந்த பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் ‘இனம்’ என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். இவ்வளவும் நடந்த நாட்டில் வாசலில் வந்து நிற்கும் ஆய்வாளரிடம் ஒருவர் ‘இல்லை’ என்று சொல்லும்போது, அது அவருடைய நம்பிக்கையா, கூச்சமா, பள்ளியில் கற்ற பாடமா என்பதை ஒரு விழுக்காட்டு எண் சொல்லிவிடாது.

பிரிட்டனில் அறிவு பற்றிய கேள்விக்கு 18 விழுக்காட்டினரும் உழைப்பு பற்றியதற்கு 44 விழுக்காட்டினரும் ஆம் என்றார்கள். இரண்டும் குணத்தைப் பிறப்போடு முடிச்சுப் போடும் ஒரே எண்ணம்தான். முதலாவது வசை போலவும் இரண்டாவது பாராட்டுப் போலவும் காதில் விழுவதால்தான் இத்தனை இடைவெளி என்று நான் கருதுகிறேன். ஐரோப்பாவில் குடியேறிய தமிழர்களாகிய நாமும் ‘நல்ல உழைப்பாளிகள்’ என்ற பாராட்டை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறோம். அதன் மறுபக்கத்தில் வேறொரு குழு சோம்பேறியாக்கப்படுவதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். தனிமனிதரின் திறமையில் பரம்பரைக்கு எவ்வளவு பங்கு என்று மக்கள் நினைக்கிறார்கள் என்பதையும் இக்கேள்விகளோடு சேர்த்துக் கேளுங்கள். ஒரே மூட்டை விதையை நல்ல மண்ணிலும் வறண்ட மண்ணிலும் விதைத்தால், ஒவ்வொரு பாத்திக்குள்ளும் செடிக்குச் செடி உள்ள உயர வேறுபாடு விதையால் வந்தாலும், பாத்திகளுக்கு இடையிலான வேறுபாடு மண்ணால் வந்ததே என்று 1970இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் விளக்கினார். ஆகவே தனிமனிதர் திறமையில் பரம்பரையின் பங்கை நம்பும் ஒருவர் இன உயர்வு தாழ்வை மறுப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் எந்த நாட்டில் எத்தனை பேர் என்பதை உங்கள் படிவத்தால் இன்று பிரித்தறிய முடியவில்லை.

அடுத்தது, நேர்காணலை விட்டு மக்கள் தாமே நிரப்பும் படிவத்துக்கு மாறிவரும் இக்காலத்தில், இந்த இரு கேள்விகளையாவது ஒரே நாட்டில் இரு முறைகளிலும் கேட்டு, முடிவுகளை அருகருகே வெளியிடுங்கள். அவ்வாறு செய்யாவிட்டால், முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கியவர் தனிமையில் குறித்த பதிலை, பத்தாண்டில் வளர்ந்த வெறுப்பு என்று செய்தித்தாள்கள் எழுதும்.

இப்படிக்கு,
உங்கள் தரவுகளைத் தொடர்ந்து படித்துவரும் தமிழ் வாசகர் ஒருவர்