தூணுக்குப் பவுடர் பூச வேண்டாம்

எங்கள் குடிநீர்த் தொட்டியைப் பராமரிக்கும் பொறியியல் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்தத் தொட்டி என்று சொல்ல வேண்டியதில்லை. மனுக்கள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. போன வாரம் தெற்குத் தூணிலிருந்து காரை பெயர்ந்து விழுந்ததும் உங்களுக்குத் தெரியும். மறுநாளே கொத்தனாரை அனுப்பினீர்கள். அந்த வேகத்துக்கு நன்றி. ஆனால் அவர் துருவேறிய கம்பியைத் தட்டிக்கூடப் பார்க்காமல் கலவையை அப்பி, மேலே ரோஸ் பெயின்ட் அடித்துவிட்டுச் சாயங்காலமே கிளம்பிவிட்டார். கேட்டதற்கு, "பூசச் சொன்னாக, பூசிட்டேன் அண்ணாச்சி" என்றார். அவர் மேல் குற்றமில்லை. புண்ணை ஆற்றாமல் பவுடர் போடச் சொன்னது அவரில்லையே.

துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். அது உள்ளேயிருந்து நெம்புவதால்தான் காரை விழுகிறது. தொட்டியடியில் கசிவு நிற்காமல் தூணும் காயாது. புதுப் பூச்சும் ஒரு மழைக்காலம் தாண்டாது.

தண்ணீர் பிடிக்கும் பொதுக்குழாய் அந்தத் தூணின் காலடியில் இருக்கிறது. தண்ணீர் வருகிற நாளில் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்து நின்றுகொள்கிறார்கள். நிறைந்ததும் ஒருத்தி மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருத்தி ஓடிப்போய் எடுத்து வருகிறாள். குனிந்து குடத்தைத் தூக்குகிறவளுக்கு மேலே பார்க்க முடியாதே, அதற்குத்தான் காவல். வயதான ஆச்சிமார் ஓட முடியாமல் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். தொட்டி கொள்ளும் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் என்றால் 100 டன். அதன் கீழே பத்து வயதுப் பிள்ளை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பூசாதீர்கள், தூணைப் பழுது பாருங்கள். சுத்தியல் சோதனையும் அல்ட்ராசோனிக் சோதனையும் செய்து காங்கிரீட் எந்த நிலையில் இருக்கிறதென்று பாருங்கள். தொட்டியைக் காலி செய்து, முட்டுக் கொடுத்த பிறகே தூணில் கை வையுங்கள். இற்றுப்போன காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்த இடத்தில் புதுக்கம்பியும் ரிங்கும் கட்டி, தூணைச் சுற்றிலும் சட்டை மாதிரி காங்கிரீட் ஜாக்கெட் போடுங்கள். அதற்கு 100 மி.மீ. கனமாவது வேண்டும் என்று இந்தியத் தர விதியே சொல்கிறது. நீங்கள் படித்ததை உங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

'நிதி இல்லை' என்ற பதில் தயாராக இருக்கும். சரி. தொட்டியின் திறப்பு விழாக் கல்வெட்டுக்கு மட்டும் போன மாதம் தங்க வண்ணம் அடிக்க எங்கிருந்து வந்தது? 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்தார்கள். இங்கே தொட்டியைச் சோதிக்கவும் அப்படி ஏதாவது நடந்தாக வேண்டுமா?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்கவும். தூணைப் பழுது பாருங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். எஸ்டிமேட், டெண்டர் எல்லாம் முடிய நாளாகும் என்றால், அதுவரைக்கும் அந்தக் குழாயையாவது வேப்பமரத்துப் பக்கம் தள்ளி வைத்துக் கொடுங்கள். கொஞ்சம் பைப்பும் ஒரு பிளம்பரும் போதும்.

இப்படிக்கு,
தொட்டிக்கு அடியில் தண்ணீர் பிடிக்கும் தெருக்காரர்கள்