கதிர்காமப் பயணமும் கக்கூஸ் பெட்டியும்

கொக்குவில்,
ஞாயிறு பின்னேரம்.

அன்பின் மச்சான்,

அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆறு பேரா வானிலை கதிர்காமம் போறதுக்குக் கொண்டுதிரியிற ரொய்லெற் எது வாங்கிறது எண்டு கேட்டு நீ போட்ட கடிதம் வந்து மூண்டு கிழமையாச்சு. பதில் போடாமல் விட்டது பிழைதான், பேசிறதெண்டால் வந்து நேரிலை பேசு. இஞ்சை எல்லாரும் சுகம். மழையைக் காணேல்லை, கிணறு இறங்கிக்கொண்டு போகுது. பெரியண்ணை உன்னை விசாரிச்சவர்.

இண்டைக்கே எழுதோணும் எண்டு இருந்ததுக்குக் காரணம் உன்ரை அம்மா. காலமை எட்டிப் பாத்தனான். கதிர்காமம் போற சந்தோசத்திலை இருக்கிறா. ஆனால் கதையோடை கதையாச் சொல்லுறா, பயணத்துக்கு முதல்நாள் பின்னேரத்தோடை தண்ணி குடிக்கிறதை விட்டிடுவாவாம், அப்பதான் வழியிலை ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லையாம். மச்சான், எழுபத்தாறு வயசு, சீனி வருத்தம், பிரசருக்குக் குடிக்கிற குளிசையிலை ஒண்டு சலம் போக வைக்கிற குளிசை. யாழ்ப்பாணத்திலையிருந்து கண்டி மட்டுமே 320 கிலோமீற்றர். அந்த வெய்யிலுக்குள்ளை தண்ணி குடியாமல் வந்தால் தலைச்சுத்தும் சலக்கடுப்பும் அவவோடைதான் கூட வரும். எங்கடை ஊர்ப் பொம்பிளையள் கனபேர் இதைத்தான் காலங்காலமாச் செய்யினம், ஒருத்தரும் வாய் திறந்து சொல்லுறேல்லை. குளிசையை எந்த நேரம் குடிக்கிறது எண்டதை டொக்ரரிட்டைக் கேள், நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ.

ஆனபடியால் நீ கேட்ட அந்தக் கொண்டுதிரியிற ரொய்லெற் விசயம் சின்ன விசயம் இல்லை. நீ நிறமும் விலையும் கேட்டிருக்கிறாய். அதை விடு. மூண்டு கேள்வி: அம்மா அதிலை இருந்து எழும்புவாவோ, கழுவுற தண்ணிக்கு அதுக்குள்ளை இடம் இருக்கோ, நிரம்பினால் எங்கை ஊத்திறது.

கழுவுற தண்ணியிலை இருந்து துவங்கிறன், ஏனெண்டால் உங்கை கடையளிலை இருக்கிற சாமான் முழுக்கக் கடதாசி பாவிக்கிற ஆக்களை நினைச்சுச் செய்தது. பை போட்டுப் பாவிக்கிற மடக்குச் சீற்றைப் பாத்திருப்பாய், வடிவா மடியும், பாரமும் இல்லை. பைக்குள்ளை ஒரு தூள் இருக்கும், சலத்தைக் கட்டியாக்கும். பிள்ளையளின்ரை பம்பேர்சுக்குள்ளை இருக்கிற அதே சாமான்தான், சோடியம் பொலிஅக்கிரிலேற். வெறுந் தண்ணியெண்டால் தன்ரை நிறையைப்போலை நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். சலத்திலை உப்பு இருக்கிறதாலை அந்தக் கணக்கு நல்லாக் குறைஞ்சு போகும். அதுக்கு மேலை நாங்கள் அரைப் போத்தல் தண்ணி ஊத்திக் கழுவினால் பை கூழாகி அடியிலை தேங்கும், வான் குலுங்கேக்கை முடிச்சாலை கசியும். ஈரத் துடைப்பானோடை சமாளிக்கிற ஆக்களுக்குப் பை சரி. அம்மா துடைச்சுப்போட்டு எழும்புற ஆள் இல்லை எண்டு உனக்குத் தெரியும்.

வாளிக்கு மேலை சீற் பூட்டுறது அடுத்த வகை. 20 லீற்றர் வாளி, மேலை அழுத்திப் பூட்டுற மூடி. மலிவு, உடையிறதுக்கு ஒண்டும் இல்லை. இஞ்சை தும்புத் தூள் தாராளமாக் கிடைக்கும், அது தன்ரை நிறையைப்போலை ஏழெட்டு மடங்கு தண்ணி பிடிக்கும். இரட்டைப் பை போட்டு, அடியிலை கால் கிலோ காஞ்ச தூள், ஒவ்வொரு தரமும் மேலை ஒரு சிரட்டை தூவினால் மணமும் அமரும். ஆனால் வாளியின்ரை அடி ஒடுக்கம். ஒரு பக்கம் சரிஞ்சு எழும்புற ஆள் எண்டால் வாளியும் கூடச் சரியும். முழங்கால் ஏலாத ஆளை அதிலை இருத்தாதை. பெடியள் ரெண்டு பேருக்கும் அவசரத்துக்குக் காணும், அவ்வளவுதான்.

உனக்கு வேண்டியது ரெண்டு அடுக்குப் பெட்டி. மேல் அடுக்கிலை சீற்றும் நல்ல தண்ணி ராங்கியும் சின்னப் பம்பும். கீழ் அடுக்கு கழிவு ராங்கி. நடுவிலை இழுத்துத் திறக்கிற தட்டு வால்வு, அதைச் சுத்தி இறப்பர் வளையம். பூட்டி வைச்சால் மணம் வெளியிலை வராது. பக்கத்துக் கொளுக்கியைத் தட்டினால் கீழ் அடுக்கு தனியாக் கழரும், கொண்டுபோய் ஊத்தலாம். தெற்ஃபோட் கொம்பனி ஆக்களின்ரை போர்ட்டா பொட்டியிலை 335 எண்டது 10 லீற்றர் கழிவு பிடிக்கும், உயரம் 31 சென்ரிமீற்றர் வரும். 365 எண்டது 21 லீற்றர், உயரம் 41 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. டொமெற்றிக் ஆக்களிட்டையும் இதே மாதிரிச் சின்னனும் பெரிசும் இருக்கு.

இப்ப கணக்கைப் பார். ஒருக்கா ஒண்டுக்குப் போனால் ஏறத்தாழ 300 மில்லிலீற்றர். பம்பாலை அடிச்சு விடுறது 200, கழுவுறது 100, 150. சராசரி 600 எண்டு வை. ஆறு பேர், ஆளுக்கு மூண்டு தரம் எண்டால் பதினொரு லீற்றர் கிட்ட. ரெண்டு பேர் வெளிக்குப் போனால் இன்னும் ரெண்டரை லீற்றர். பதின்மூண்டு தாண்டிச்சுது. சின்னன், கண்டிக்குக் கிட்ட இருக்கிற மாத்தளைக்கு முன்னமே நிரம்பியிடும். அதோடை 31 சென்ரிமீற்றர் எண்டால் அம்மாவுக்குக் குந்துமணையிலை இருந்த மாதிரி, எழுப்ப ரெண்டு பேர் வேணும். பெரிசைத்தான் எடு. 41 சென்ரிமீற்றர் சாதாரணக் கதிரை உயரத்துக்குக் கிட்ட வரும். இன்னும் தேவையெண்டால் அடியிலை ரெண்டு அங்குலப் பலகை அடிச்சு, பெட்டி வழுக்காமல் நாலு பக்கமும் சட்டம் வைச்சுத் தாறன். எழும்பேக்கை பிடிக்கிறதுக்கு முன் சீற்றின்ரை முதுகு கைக்கெட்டின தூரத்திலை இருக்கோணும்.

ஆனால் 21 லீற்றர் எண்டு போட்டிருக்கு எண்டு 21ஐயும் நிரப்பாதை. பதினைஞ்சிலை ஊத்து. அதுவே ராங்கியோடை பதினேழு பதினெட்டுக் கிலோ வரும், உன்ரை இடுப்புக்கு அது காணும். முட்ட நிரப்பினால் வளைவிலை அலையடிச்சு வால்வுத் தட்டுக்கு மேலை வந்திடும். மேல் ராங்கியிலையும் 15 லீற்றர் விடத் தேவையில்லை, அஞ்சு ஆறு லீற்றர் விட்டால் காணும். கழுவுறதுக்குச் செம்பு வேண்டாம். அரை லீற்றர்ப் போத்தல் மூடியிலை ஊசியைச் சூடாக்கி நாலைஞ்சு ஓட்டை போட்டால், பிதுக்கிக் கழுவலாம், பாதித் தண்ணி மிச்சம். பெடியளுக்கு வாய் அகண்ட மூடிப் போத்தல் ஒண்டு தனியா வை. அவங்கள் பெட்டிக்கு வராட்டிலே ராங்கி கனதூரம் போகும்.

பாவிக்கிற முறையை எல்லாருக்கும் ஒருக்கா வீட்டிலை வைச்சே காட்டு. முதல்லை கீழ் ராங்கிக்குள்ளை அரை லீற்றர் தண்ணியும் மணத்தை அமர்த்திற ரொய்லெற் மருந்தும் விடு, காஞ்ச அடியிலை விழுந்தால் ஒட்டிப்பிடிக்கும். ரெண்டுக்குப் போறதெண்டால் வால்வை முன்னமே திறந்து வை, தட்டிலை ஒண்டும் தங்காது. முடிஞ்சதும் பம்பாலை அடி, வளையத்தைச் சுத்தி மண்ணோ கடதாசியோ நிக்குதோ எண்டு பாத்துப் பூட்டு. எங்கடை ஊர் மணலிலை ஒரு பருக்கை வளையத்திலை நிண்டால் காணும், இறப்பர் கீறுப்பட்டு அதாலை சொட்டத் துவங்கும். வளையம் காஞ்சு போனால் தட்டு இறுகும். சிலிக்கன் ஸ்பிறே மெல்லிசா அடி. வசலீன் பூசாதை, தேங்காயெண்ணெயும் பூசாதை, இறப்பர் ஊதி இளகிப்போகும்.

இனி நீங்கள் வழியிலை ஏறுற நுவரெலியா மலை. இதை ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம், வடிவா வாசி. எங்கடை ஊர் கடல் மட்டம். நுவரெலியா 1868 மீற்றர், அங்கை காற்றழுத்தம் இஞ்சையை விட அஞ்சிலை ஒரு பங்கு குறைவு. கீழை பூட்டின ராங்கிக்குள்ளை இஞ்சத்தைக் காற்று அடைபட்டு நிக்கும், வெய்யிலுக்கு உள்ளுக்கு வாயுவும் கூடும். மேலை போய் ஒருத்தர் இருந்துகொண்டு வால்வை இழுத்தால் உள்ளை இருக்கிறது மேலை சீறும். இறம்பொடை ஏத்தத்திலையும் ஒருக்கா, மேலை போய்ச் சேர்ந்தும் ஒருக்கா, ஆளில்லாமல், மூடியை மூடி வைச்சுக்கொண்டு, வால்வை மெல்ல ஒரு விரலளவு இழுத்துக் காற்றை விட்டிட்டுப் பூட்டு. ஊத்தேக்கையும் இதைத்தான் முதல் செய்.

மருந்து வாங்கேக்கை லேபலை வாசி. போமல்டிஹைட் இருந்தால் வேண்டாம். பிணம் பழுதாகாமல் வைக்கிற போமலின்தான் அது. மணத்தை நிப்பாட்டும், ஆனால் கக்கூஸ் குழியிலை மலத்தைக் கரைக்கிற கிருமியையும் கொல்லும், குழி வேலை செய்யாது. என்சைம் போட்ட வகை எடு. திரவத்தைப் பிளேன் பெட்டியிலை கொண்டு வராதை, தூள் பக்கெற்றாப் பார். பிளீச்சிங் ஊத்தி மணத்தை எடுக்கலாம் எண்டு யாரும் சொன்னால் கேளாதை. சலத்திலை இருக்கிற அமோனியாவோடை குளோரின் சேர்ந்தால் நச்சு வாயு, மூடின வானுக்குள்ளை அது விளையாட்டில்லை. எந்த மருந்தெண்டாலும் உங்கத்தைக் குளிருக்கு நாலு நாள் எண்டு போட்டிருந்தால் இஞ்சத்தை வெக்கைக்கு ஒரு நாள் எண்டு எடு. வெய்யிலிலை விட்ட வான் அடுப்பு மாதிரி, அதுக்குள்ளை கிருமி பெருகுற வேகமே வேறை. ஒவ்வொரு இரவும் ஊத்தோணும்.

எங்கை ஊத்திறது? தங்கிற மடத்திலையோ விடுதியிலையோ கேட்டுப்போட்டு, குழியோடை இணைச்ச கக்கூசிலை. வேறை இடத்திலை ஊத்தக் கூடாது, மச்சான். வன்னி தாண்டினாப் பிறகு றோட்டோரம் முழுக்கக் குளம், அதிலைதான் சனம் குளிக்குது. இஞ்சை எங்கடை பக்கமெண்டால் இன்னும் மோசம். கீழை முழுக்கச் சுண்ணாம்புக் கல், வெடிப்பாலை எதை ஊத்தினாலும் நேராக் கிணத்துக்குப் போயிடும். வருசம் முழுக்க ஓடுற ஆறில்லாத குடாநாட்டிலை அந்தத் தண்ணிதான் எல்லாம். வளவுக்குப் பின்னாலை ஒரு பிடி மண்ணைத் தோண்டி ஊத்தி மூடினால் சரி எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

வீட்டை வந்தாப் பிறகு ரெண்டு தரம் தண்ணி விட்டுக் குலுக்கிக் கழுவி, வால்வைத் திறந்தபடி நிழலிலை காயவிடு. எங்கடை கிணத்துத் தண்ணி உவர், சுண்ணாம்பு பம்பிலையும் தட்டிலையும் வெள்ளையாப் படியும். நாலைஞ்சு தேசிக்காய் பிழிஞ்ச தண்ணியை ஒரு இரவு விட்டால் கரையும். கக்கூஸ் கழுவுற அசிற் விடாதை.

பெட்டியை வானுக்குள்ளை வைக்கிறதோ வெளியிலை கூடாரத்துக்குள்ளை வைக்கிறதோ எண்டு கேட்டிருந்தாய். உள்ளைதான். ஹையேஸ் வானிலை கடைசிச் சீற்றைக் கழட்டிப்போட்டு அந்த இடத்திலை வை, சுத்திவரக் கம்பியிலை தடிச்ச சீலை, ரெண்டு பட்டியாலை பெட்டியை நிலத்துக் கொளுக்கியிலை இறுக்கு. ஓடேக்கை ஒருத்தரும் அதிலை இருக்கக் கூடாது, நிப்பாட்டிப்போட்டுத்தான். விரிச்சால் எழும்பி நிக்கிற கூடாரம் ஆனையிறவுக் காத்துக்கு நிக்காது, திருப்பி மடிக்கிறதும் பெரும்பாடு. அதை விட, புத்தளையிலையிருந்து கதிர்காமம் போற றோட்டிலை யானை வந்து வாகனத்தை மறிக்கும். ஹபரணைப் பக்கமும் பொழுதுபட்டால் அப்பிடித்தான். அங்கை இறங்கவே கூடாது. அந்த இடங்களிலை அம்மாவுக்கு அவசரம் எண்டால் உந்தப் பெட்டி மட்டும்தான் வழி.

பிளேனிலை கொண்டு வாறது சுகம். வெறும் பெட்டி நாலு கிலோ அளவு, மூண்டு பக்கமும் கூட்டினால் 123 சென்ரிமீற்றர் வரும். 158 சென்ரிமீற்றர் மட்டும் விடுற பிளேன் கொம்பனியெண்டால் கேள்வி இல்லை. உள்ளுக்குப் பிள்ளையளின்ரை உடுப்பை அடைஞ்சு வை. புதுசெண்டால்தான் சொல்லுறன். மேலதிக வளையம் ஒண்டும் வாங்கு, இஞ்சை தேடி அலைய ஏலாது. வாங்க முதல் கடையிலையே வால்வைப் பத்துத் தரம் இழுத்துப் பார், கொளுக்கி ரெண்டும் "டக்" எண்டு விழுதோ பார், பேந்து கீழ் ராங்கிக்குள்ளை ஒரு லீற்றர் தண்ணி விட்டுக் கவிட்டுப் பிடி. ஒரு துளி வந்தாலும் வேண்டாம்.

வழியிலை முறிகண்டிப் பிள்ளையாரிட்டைத் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கி, அம்மா நிம்மதியா ஒரு பிளேன்ரீ குடிக்கட்டும். பெட்டி வருது எண்டு நான் சொல்லிப்போட்டன், அவ நம்பேல்லை, சிரிச்சவ. இந்தக் கிழமை ரெலிபோன் எடுக்கேக்கை நீயும் சொல்லு. வாங்கினதும் சீற்றின்ரை உயரத்தை அளந்து அனுப்பு, பலகையை அதுக்குள்ளை அடிச்சு வைக்கிறன்.

இப்படிக்கு,
உன்ரை கூட்டாளி