"பசி வந்தால் தானாகச் சாப்பிடுவாள்": ஒரு தாயின் பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் சோற்றைக் கண்டாலே ஒதுங்குகிறாள், நாளுக்கு நாள் இளைக்கிறாள், என்ன செய்வது என்று. தங்கள் ஆலோசகர் எழுதிய பதில் இது: "இதெல்லாம் பெருநகரத்துப் பணக்கார வீட்டுப் பெண்களுக்கு வருவது. பசி வந்தால் தானாகச் சாப்பிடுவாள். கண்டுகொள்ளாமல் விடுங்கள்."

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அந்தத் தாய் அதை நம்பி வீட்டில் சும்மா இருந்துவிடுவாரே என்ற பயம்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீடு சத்துவாச்சாரியில். வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் வீட்டிலேயே தையல். பணக்காரர்கள் இல்லை. என் மகள் பள்ளிச் சுடிதாரை எடுத்துக்கொண்டு மிஷின் பக்கத்தில் வந்து நிற்பாள், "அம்மா, பக்கத்துல கொஞ்சம் பிடிச்சுக் குடும்மா" என்று. பிடித்துக் கொடுத்தால் முகம் மலரும். அடுத்த வாரம் மறுபடி வருவாள். தோசையைத் தாளில் வைத்து எண்ணெயை ஒற்றி எடுப்பாள். தயிர்சாதத்தைத் தட்டு முழுக்கப் பரப்பிவிட்டு எழுந்து போவாள். அக்னி நட்சத்திரத்தில், வேலூர் வெயிலில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிருகிறது என்றாள். எவ்வளவு எடை குறைந்தது என்று எழுத மாட்டேன். தங்கள் வாசகர்களில் இதே நோயோடு இருக்கும் பிள்ளைகள் அந்த எண்ணைப் போட்டியாக எடுத்துக்கொள்வார்கள்.

நாங்கள் போகாத இடமில்லை. ஒருவர் பசிக்கு டானிக் கொடுத்தார், ஒருவர் பூச்சி மருந்து கொடுத்தார். மாதவிலக்கு நின்றதற்கு ஸ்கேன் எடுத்து ஹார்மோன் மாத்திரை எழுதினார்கள். மாமியார் மந்திரித்த கயிறு கட்டினார். அவர் தவிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படித்த டாக்டர்களில் ஒருவர்கூட அவளைத் தனியாக உட்கார வைத்து, "சாப்பிடணும்னா ஏம்மா பயமா இருக்கு?" என்று கேட்கவில்லை. ஒரு பெரிய மருத்துவமனையில் என்னைப் பார்த்து, "நீங்க செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றார்கள். என் மகள் காதில் விழும்படியே சொன்னார்கள்.

கடைசியில் ஒரு மனநல மருத்துவர்தான் இது அனோரெக்ஸியா, குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் உணவுக் கோளாறு என்று சொன்னார். மனநோய்களிலேயே உயிருக்கு அதிக ஆபத்தான நோய்களில் இதுவும் ஒன்று. பட்டினி நீள நீள மூளை அந்தப் பயத்திலேயே இறுகிப்போகுமாம். பிறகு எங்கிருந்து தானாகத் தட்டைத் தேடி வருவாள்?

ஆனால் எல்லோரையும் படுக்கையில் போட வேண்டியதில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. மயக்கம் வருவது, நாடித்துடிப்பு மிகவும் குறைவது, ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு இறங்குவது, ஒரு வாய்கூட உள்ளே போகாமல் இருப்பது, இதுபோன்ற நிலையில்தான் அட்மிஷன். மற்றபடி ஓ.பி.யிலேயே பார்க்கலாம். வாராவாரம் போவோம். எடை பார்ப்பார்கள், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிபி பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும். பிறகு எங்கள் மூவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவார்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறையாம். முதல் கட்டத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும். தட்டு காலியாகும்வரை பக்கத்தில் உட்கார வேண்டும். திட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது, உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது. சாப்பிட்டு முடித்ததும் பாத்ரூம் பக்கம் விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எடை ஏறிய பிறகு பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையிலேயே கொடுப்பது அடுத்த கட்டம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை ஆகும். மிகவும் மெலிந்த பிள்ளைக்குத் திடீரென்று நிறைய ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு இறங்கி இதயத்துக்கே ஆபத்து என்பதால், ஆரம்பத்தில் டாக்டர் சொன்ன அளவில்தான் கூட்டினோம். "நல்லா ஊட்டுங்க, சரியாப் போயிடும்" என்ற உறவுக்காரர்களுக்கு இது தெரியாது.

அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியாவும் இருக்கிறது. அதற்கும் ஓ.பி.யிலேயே இருபது வாரம்போல் நடக்கும் தனிப் பேச்சு சிகிச்சை உண்டு, டாக்டர் பார்த்துக் கொடுக்கும் மாத்திரையும் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கும் இவை வரும்.

வேலூரில் இருந்து வெளியாகும் பதிப்பில் இப்படி வந்ததுதான் எனக்குப் பெரிய வேதனை. மனநோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்துச் சிகிச்சை கொடுப்பதை 1950களிலேயே தொடங்கிய ஊர் இது. அதைச் செய்த சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்தைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த சி.எம்.சி. மருத்துவர்களே பிள்ளைகளின் உணவுக் கோளாறுகளைப் பற்றி ஆராய்ந்து 2007-ல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வராது என்று எப்படி அச்சிட மனம் வந்தது?

இதே இணைப்பில்தான் ஆடி முடிந்ததும் கல்யாணப் பெண்களுக்கு "பத்தே நாளில் ஒல்லி இடுப்பு" வருகிறது. பாலாற்றில் கழிவு கலப்பதைப் பற்றி நான் எழுதியதை மறு வாரமே போட்டீர்கள். இந்த ஒல்லி இடுப்பைப் பற்றி எழுதியதைப் போடவில்லை. மகள் படித்த பள்ளியில் பி.டி. பீரியடில் எல்லோர் முன்னாலும் எடை பார்த்து எண்ணைச் சத்தமாகக் கூவினார்கள். அவள் மதிய டப்பாவைத் திறக்காமல் கொண்டுவர ஆரம்பித்தது அந்த வாரம்தான். கேட்கப் போனால், "எல்லாப் பிள்ளைக்கும்தானே பார்த்தோம்" என்றார்கள். இன்சூரன்ஸ்காரரோ படுக்கையில் சேர்த்தால்தான் பணம், ஓ.பி.க்குக் கிடையாது என்றார். 2017 மனநலச் சட்டம் மனநோய்க்கும் மற்ற நோயைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்கிறது; ஆனால் வாராவாரம் ஷிப்டை விட்டு வரும் தகப்பனின் கூலியை யார் தருவது?

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அந்தப் பதில் தவறு என்று அதே இணைப்பில், அதே இடத்தில் போடுங்கள். தினமும் மின்தடை அறிவிப்புப் போடுகிறீர்கள். அதற்குக் கீழே வாரம் ஒரு நாள் நான்கு வரி கொடுங்கள்: 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம் என்ற தகவல், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல ஓ.பி. நடக்கும் நாளும் நேரமும். அதைத் தங்கள் நிருபர் ஒரு போன் செய்து கேட்டுவிடலாம். குடியாத்தத்துத் தாயின் முகவரி தங்களிடம் இருந்தால், அச்சுக்குக் காத்திராமல் இந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்காக என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
சத்துவாச்சாரி, வேலூர்.