முழங்கால் தழும்பும் ஐஸ் வாடியும்

திருகோணமலை
ஞாயிறு இரவு

அன்பின் யோகு,

முழங்கால் எப்படி? தைப்பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்புகிற காலை வணக்க ரோசாப் பூக்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டே காலத்தைக் கடத்திவிட்டேன். அதைப் பதில் என்று நீயும் எடுத்திருக்கமாட்டாய். அம்மா சுகம், சீனிதான் இறங்கவில்லை. வீட்டுக்காரியும் சுகம், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கட்டைச் சிவா வாங்கின காசை இன்னும் தரவில்லை. கோட்டை மான்கள் இப்போது ரோட்டுக்கு வந்து, எங்களைத் தெரிந்தவை மாதிரி மறித்துக்கொண்டு நிற்கின்றன. ஊர்ப் புதினம் அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சின்னவனைப் பொலிஸ் கொண்டுபோனது. பதறாதே, இரண்டரை மணித்தியாலத்தில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழக்கு, கிழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றையிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். இங்கே சொன்னால் நாளைக்குக் காலையில் மீன் சந்தையில் விலை போகும். உனக்கு எழுதுகிறேன்.

நீ கடைசியாகப் பார்த்தபோது அவன் மூக்குச் சிந்திக்கொண்டு திரிந்தவன். இப்போது பதினேழு வயது, உயர்தரம். என்னைவிட அரை அடி உயரம். தோள் தொடுகிற முடி, காதில் ஒரு சின்ன வளையம், எந்த நேரமும் கறுப்பு ரீசேட். அதில் ஒரு மண்டையோடு. அம்மாவுக்குக் கண் மங்கல், அது வைரவர் படம் என்று நினைத்து முதல் நாள் தொட்டுக் கும்பிட்டா. யாரும் திருத்தவில்லை.

அவனும் இன்னும் மூன்று பெடியளும் சேர்ந்து மெட்டல் வாசிக்கிறார்கள். பாட்டு என்று சொல்லமாட்டேன். நம்முடைய கிணற்றடி மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஒரு சத்தம் வருமே, அதற்கு ட்ரம் அடித்தால் எப்படியிருக்கும் அப்படி. வீட்டில் வாசிக்க விடவில்லை. குணத்தின் அண்ணன் மீனுக்கு ஐஸ் போடுகிற கொட்டில், அந்த ஐஸ் வாடி, வைத்திருக்கிறார் தெரியும்தானே, அதன் பின்னால் பழைய வலை குவித்துக் கிடந்த அறையைத் துப்புரவாக்கி எடுத்துக்கொண்டார்கள். நல்ல இடம்தான். ஐஸ் அடிக்கிற மெசினின் இரைச்சலில் இவர்களுடைய இரைச்சல் வெளியே தெரியாது. மீன் நாற்றத்துக்குப் பயந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் போவார்கள், ஏழரைக்கு வருவார்கள்.

முதலில் பக்கத்து வீட்டு அக்காதான் கேட்டா. "உங்கட பெடியன் ஒவ்வொரு பின்னேரமும் ஐஸ் வாடியில நிக்கிறானே, என்ன விசேஷம்?" அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கதை கையொழுங்கை வழியாக நடந்து போய் ஆறு வீடு தாண்டுவதற்குள் வாடி உதிர்ந்துவிட்டது, ஐஸ் மட்டும் மிஞ்சியது. உனக்கு அங்கே இந்தச் சொல்லின் இப்போதைய கனம் தெரியுமோ தெரியாது. ஐஸ் என்றால் இங்கே இப்போது மீனுக்குப் போடுகிற கட்டி இல்லை, போதைப்பொருள். 2023 டிசெம்பரில் 'யுக்திய' என்று நாடு முழுக்க ஒரு வேட்டை தொடங்கினார்களே, அதற்குப் பிறகு முடி வளர்த்த பெடியன் இரண்டு பேர் மதிலில் குந்தியிருந்தாலே சனத்துக்குக் கை போனுக்குப் போகிறது.

யாரோ போன் எடுத்திருக்கிறார்கள். ஜீப் வந்தது. குணம் எனக்கு அடித்துச் சொல்லி நான் போய்ச் சேர, நாலு பேரையும் சுவரோடு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். விரலை மணந்து பார்த்தார்கள், மீன் வாடியில் என்ன மணக்கும்! பைகளைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். கிற்றார் கம்பி, பாதி மாலுபணிஸ், பௌதீகவியல் கொப்பி. ஒரு பொலிஸ் சாஜன் என்னைப் பார்த்து, "மாஸ்ரர், நீங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறீர்கள், இதைக் கவனிக்கவில்லையோ?" என்று கேட்டார். எதை என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அவர் விரல் சின்னவனின் முடியைக் காட்டியது.

பிறகு ஊசி போட்ட அடையாளம் பார்ப்பதற்காகக் கையைக் காட்டச் சொல்ல வாயெடுத்தார்கள். இவன் சொல்ல முன்பே இரண்டு கையையும் நீட்டி, உள்பக்கம் தெரியத் திருப்பிப் பிடித்தான். அந்த டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தக் கை இரண்டும் கொஞ்சமும் நடுங்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

எனக்கு அந்த இடத்தில் உன்னுடைய முழங்கால்தான் ஞாபகம் வந்தது.

90ஆம் ஆண்டு ஆமி சென்ரியில் காற்சட்டையை மேலே சுருட்டச் சொல்வார்களே. முழங்காலிலும் முழங்கையிலும் தழும்பு இருந்தால் பயிற்சியில் ஊர்ந்தவன், இயக்கம். அந்த நாளில் ஏகாம்பரம் மைதானத்தில் பந்தடித்தவன் எவனுக்கடா முழங்காலில் தோல் இருந்தது? எனக்குத் தழும்பு இல்லாததற்குக் காரணம் நான் நல்ல பிள்ளை என்பதில்லை, என்னை எப்போதும் கோலுக்குப் பக்கத்தில் துவாய் பிடிக்கத்தான் விட்டார்கள். உன்னைக் கொண்டுபோய் மூன்று நாள். நம்முடைய மாஸ்ரர் பள்ளிக்கூடச் சுவரிலிருந்த பந்தடி ரீம் படத்தைச் சட்டத்தோடு கழற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய், மேசையில் வைத்து ஒவ்வொரு முழங்காலாகக் காட்டினார். பதினொரு பேருக்கும் பிளாஸ்டர். சிரித்துவிட்டு விட்டார்களாம். நீ வெளியில் வந்து முதல் கேட்டது, "மச்சான், அரையிறுதி என்ன ஆச்சு?"

இத்தனை வருடமும் அதை ஒரு பகிடியாகவே வைத்திருந்தோம், இல்லையா? முழங்கால் சுகமா, முழங்கால் சுகமா என்று. படம் இல்லாதவன், மாஸ்ரர் இல்லாதவன் எத்தனை பேர் அந்த மேசையிலிருந்து எழும்பி வரவேயில்லை என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

சரி, இப்போது உள்ளதைச் சொல்கிறேன்.

பொலிஸ் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னம், இரவு பதினொன்றுக்கு, நான் அவனுடைய பையைச் சோதித்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் கதை எனக்குள்ளும் போய் இருந்துகொண்டது, என்ன செய்ய. அடியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் வங்கி அட்டை ஒன்றை வெட்டிய துண்டுகள், ஓரமெல்லாம் அராவி வழுவழுப்பாக்கியது. தூளைக் கோடு பிரிக்க அட்டை பாவிப்பார்கள் என்று எங்கேயோ கண்டது. எனக்குக் கைகால் ஓடவில்லை. அவனைத் தட்டி எழுப்பி, லைட்டைப் போட்டு, "கையை நீட்டு, திருப்பு" என்றேன். நித்திரைத் தூக்கத்தில் நீட்டினான். மணந்தும் பார்த்தேன் யோகு. பெற்ற பிள்ளையின் விரலை.

அவன் ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய்க் கிற்றாரை எடுத்துக்கொண்டு வந்து, அந்தத் துண்டில் ஒன்றை விரலுக்குள் பிடித்து இரண்டு தரம் மீட்டினான். "பிக் அப்பா. கடையில வாங்கினா தொலைஞ்சுபோகுது. உங்கட காலாவதியான ஏ.ரி.எம். அட்டைதான், இதுதான் திறமான சத்தம்." துண்டில் என் பெயரின் கடைசி மூன்று எழுத்து இருந்தது. போய்ப் படுத்துவிட்டான். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நம்முடைய வீடுகளில் அப்பாமார் மன்னிப்புக் கேட்பது எப்படியென்று யார் காட்டித் தந்தார்கள்?

ஆகவே வாடியில் அவன் சொல்ல முன்பே கையைத் திருப்பியபோது, அந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதைவிட வெட்கம் ஒன்று. ரியூசனில் முடி வளர்த்த, வளையம் போட்ட பெடியள் வந்தால் நானே பின் வாங்கில் இருத்துவேன். காவாலிகள் என்று ஆசிரியர் மத்தியில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நம்மை எங்கள் அப்பாமார் பெல்பொட்டத்துக்குச் சொன்ன அதே சொல்! எங்கள் ஒழுங்கையில் உண்மையாகவே ஐஸால் அழிந்துபோன பெடியன் யார் தெரியுமா? ஒட்ட வெட்டிய முடி, நெற்றியில் மூன்று குறி, திருவிழாவில் தேர்வடம் பிடிப்பதில் முதலாள். அவனை ஒருவரும் ஒருநாளும் மறித்துச் சோதிக்கவில்லை. தாய்க்கே கடைசியில்தான் தெரியும். சனம் முடியைப் பார்த்துக்கொண்டிருக்க, சாமான் திருநீற்றுக்குக் கீழால் போய்விட்டது.

வீட்டுக்காரிக்கு வேறு பயம். அவளுக்கு ஐஸில்லை, கடற்கரை. பின்னேரம் நாலு பெடியள் கூடிக் கடற்கரையில் இருந்தாலே அவளுக்கு வயிறு பிசையும். 2006 ஜனவரி 2, காந்தி சிலையடி. நீ அப்போது இங்கிலாந்தில். அந்த ஐந்து மாணவர்களும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எல்லாப் பெடியளையும்போலக் கடற்கரையில் கூடி இருந்தார்கள். தாங்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று படைத்தரப்பு முதலில் சொன்னது. உடம்பில் இருந்தது துப்பாக்கிச் சூட்டுக் காயம் என்று படமெடுத்துக் காட்டிய பத்திரிகையாளர் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கில் எதிரிகளாக நின்ற பாதுகாப்புப் படையினர் 13 பேரும் 2019இல் விடுதலை. அதனால்தான் அவள் "முடியை வெட்டு, வெட்டு" என்று கத்தும்போது, எனக்கு அவளைப் பழமைவாதி என்று சொல்ல வாய் வருவதில்லை. நாகரிகம் பிடிக்காமல் கத்துகிறவள் இல்லை அவள். கூட்டத்தில் பிள்ளை தனியாகத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

உன் மூத்தவள் கறுப்பு உதட்டுச் சாயமும் கறுப்பு நகமுமாகக் கோத் என்று திரிந்தபோது நீ அழாக்குறையாக எழுதினாய். நான் என்ன பதில் எழுதினேன் ஞாபகமா? "வேப்பிலை அடி, காளி இறங்குவாள்." பிறகு 2007இல் உங்கள் பக்கம் பேக்கப் என்ற ஊரில், சோஃபி லான்காஸ்டர் என்ற அந்த இருபது வயதுப் பிள்ளையை, உடுப்புக்காகவே பூங்காவில் வைத்துப் பெடியள் உதைத்துக் கொன்றார்கள். நீ ஒரு கிழமை மகளை வெளியில் விடவில்லை என்று போனில் சொன்னாய். நான் அதற்கும் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டுக் கிரிக்கெட் கதைக்குப் போய்விட்டேன். 2013இல் மான்செஸ்டர் பொலிஸ் இப்படியான தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகப் பதியத் தொடங்கியபோது நீ பத்திரிகைத் துண்டை வெட்டி அனுப்பியிருந்தாய். அதையும் சரியாக வாசிக்கவில்லை. அந்த வேப்பிலைக் கடிதத்தை வைத்திருந்தால் கிழித்துப் போடு.

உன் மூத்தவள் போன கிழமை சின்னவனுக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள், எனக்கும் போட்டுக் காட்டினான். 1964 ஈஸ்டருக்கு இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் மொட்ஸ், ரொக்கர்ஸ் என்று இரண்டு கூட்டப் பெடியள் குளிருக்குள் வேலையில்லாமல் அடிபட்டு, கொஞ்சம் கண்ணாடி உடைத்ததை, பத்திரிகைகள் ஊரே எரிந்ததுபோல எழுதினவாம். ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளர் அதை ஆராய்ந்து 1972இல் புத்தகமாக எழுதினாராம். உடைந்தது கொஞ்சம், கதை பெரிது. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் எங்கள் ஊருக்குப் பத்திரிகை தேவையில்லை என்று அவளிடம் சொல். பக்கத்து வீட்டு அக்கா போதும்.

பொலிஸ் விட்ட அடுத்த நாள் காலையில் சின்னவன் தானாகவே சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். நான் சொல்லவில்லை, தாயும் சொல்லவில்லை. அம்மா தடவிப் பார்த்து, "இப்பதான் பிள்ளை மாதிரி இருக்கிறான்" என்றா. பாடசாலையில் பாராட்டினார்களாம். எனக்கு அந்தக் கழுத்தைப் பின்னாலிருந்து பார்க்க ஏதோ செய்தது. வெயில் படாத வெள்ளைத் தோல். வாடிக்கும் போகவில்லை. கிற்றார் அலுமாரிக்கு மேலே.

முந்தாநாள் இரவு நானே அதை இறக்கித் துடைத்தேன். கம்பியெல்லாம் கறள். இங்கத்தை உப்புக் காற்றுக்கு மூன்று மாதம் நிற்பதில்லை. அவன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "10 முதல் 46 வரை உள்ள கம்பி செட் அப்பா, இங்க கிடைக்கிறது போலி" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது கதவைச் சாத்தவுமில்லை.

ஆகவே மச்சான், ஒரு செட் இல்லை, இரண்டு செட் வாங்கி வருகிறவர்களிடம் கொடுத்துவிடு. காசு கட்டைச் சிவா தந்தவுடன் அனுப்புகிறேன்.

அன்புடன்,
பாலு