படை அனுப்ப வேண்டாம் என்பவர்கள் ஆயுதத்தையும் நிறுத்தச் சொல்ல வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சூடானில் எல் பாஷர் நகரம் விழுந்த பிறகு உங்கள் பத்திரிகையில் வந்த இரண்டு வாசகர் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒருவர், வெளிநாட்டுப் படைகள் உடனே உள்ளே இறங்கி அந்தச் சனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்குப் பதிலாக இன்னொருவர், ஈராக்கைப் பாருங்கள், லிபியாவைப் பாருங்கள், ஒரு நாட்டின் உள்நாட்டுப் போரில் வெளியார் தலையிடவே கூடாது, அது அவர்கள் பிரச்சினை, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தார். படை போகக் கூடாது, குண்டு போடக் கூடாது என்பதில் நான் இரண்டாமவர் பக்கம்தான். ஆனால் 'அது அவர்கள் பிரச்சினை' என்று அவர் முடித்த இடத்தை என்னால் விழுங்க முடியவில்லை. 2009-இல் வன்னியில் இறுதிப் போருக்குள் அகப்பட்டிருந்த எங்களைப் பற்றியும் அதைத்தானே சொன்னார்கள்.

முதலில் படை வேண்டும் என்றவருக்கு ஒரு வார்த்தை. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. 2009 ஏப்ரலில் மாத்தளனில் பங்கருக்குள் இருந்த எங்களிடம் யாராவது வந்து, எந்த நாட்டு இராணுவம் வந்தால் சம்மதம் என்று கேட்டிருந்தால், எவன் வந்தாலும் வரட்டும், இந்தச் செல்லடி நின்றால் போதும் என்றுதான் சொல்லியிருப்போம். அமெரிக்கக் கப்பல் வருகிறது, இந்தியா வருகிறது என்று ஒவ்வொரு நாளும் கதை வரும், சனம் அதை நம்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாகப் போகிறவன் கையை நீட்டுவது பிழை இல்லை. ஆனால் படை வந்தால் என்ன நடக்கும் என்பதை எங்களைவிட வடிவாகத் தெரிந்தவர்களும் குறைவு. 1987 ஜூன் 4-ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதி போட்டபோது அழாத ஆட்கள் இல்லை. ஜூலையில் ஒப்பந்தம் வந்தது, அமைதி காக்க என்று இந்தியப் படை வந்தது, சனம் மாலை போட்டு வரவேற்றது. அந்த ஒக்டோபரிலேயே புலிகளோடு சண்டை. தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதிமாரையும் சுட்டார்கள். அலம்பில் காட்டுப் பக்கம் அடுத்தடுத்த வருடங்களில் நடந்ததை முல்லைத்தீவில் வயது போனவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்தப் படை 1990 மார்ச்சில் திரும்பிப் போகும்போது அவர்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் செத்திருந்தார்கள், அவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான். வந்தவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடுதான் வந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, ஒரு அரசு தன் இராணுவத்தை அனுப்பினால் அந்த இராணுவம் அந்த அரசின் கணக்கைத்தான் பார்க்கும், அங்கே இருக்கிற சனத்தின் கணக்கைப் பார்க்காது.

லிபியாவிலும் அதுதான் நடந்தது. 2011 மார்ச்சில் பெங்காசி மக்களைக் காப்பாற்ற என்று சொல்லிப் பாதுகாப்புச் சபையில் தீர்மானம் எடுத்தார்கள். ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜேர்மனி ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றன. ஒக்டோபருக்குள் கடாபியைக் கொன்றாயிற்று, ஆட்சி மாறியாயிற்று, நாடு இன்றுவரை இரண்டாகக் கிடக்கிறது. ஐந்து வருடம் கழித்துப் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவே, ஆபத்தைச் சரியாக ஆராயாமல் இறங்கிவிட்டோம், சனத்தைக் காப்பாற்றப் போய் ஆட்சியை மாற்றுவதில் முடிந்தது என்று அறிக்கை எழுதியது. அந்த அறிக்கைக்கு முன்பே, 2013 ஓகஸ்டில் சிரியாவில் கூட்டா என்ற இடத்தில் நச்சு வாயு அடித்து அந்தப் படங்கள் வந்த நேரத்தில்கூட, குண்டு போடலாமா என்ற கேள்விக்குப் பிரித்தானிய நாடாளுமன்றம் 285-க்கு 272 என்று மறுத்தது. பாப்பரசர் உண்ணாநோன்பு இருக்கச் சொன்னார். அமெரிக்காவும் பின்வாங்கியது, பேச்சுவார்த்தையில் 1,300 தொன் இரசாயன ஆயுதத்தை சிரியா கையளித்தது. அந்த எதிர்ப்பு சரியானது என்றுதான் நான் இப்போதும் சொல்லுவேன்.

சரி, அப்புறம் என்ன நடந்தது? குண்டு போட வேண்டாம் என்று தெருவில் நின்றவர்கள் வென்றுவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்போது சிரிய ஜனாதிபதியாக இருந்த அசாத்தின் ஹெலிகொப்டர்கள் பீப்பாய்க் குண்டு போடுவது ஒரு நாளும் நிற்கவில்லை. 2015-இல் ரஷ்யா நேரடியாகவே வந்து குண்டு போட்டது, அதை எதிர்த்து எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள்? அதைவிடக் கொடுமை, துருக்கி எல்லையால் சனத்துக்குப் போன சாப்பாட்டு லொறியையும் இறைமையின் பெயரால் மறித்தார்கள். நான்கு எல்லை வழி இருந்தது, பாதுகாப்புச் சபையில் ரஷ்யாவின் வீட்டோவால் 2020-இல் ஒன்றாகக் குறைந்தது. மாவும் மருந்தும் கொண்டுபோவதுகூட வெளித் தலையீடு ஆகிவிட்டது.

இந்த இடத்தில்தான் வன்னிச் சனத்துக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. எங்கள் போரில் எந்த வெளிநாடும் தலையிடவில்லை என்று படித்தவர்களே இப்போதும் எழுதுகிறார்கள். எங்கள் தலைக்கு மேல் வந்த கிபிர் போர் விமானம் இஸ்ரேலில் செய்தது. மிக் உக்ரேனிலிருந்து வந்தது. எப்-7 சீனாவுடையது. மல்ரிபரல் என்ற பல குழல் ரொக்கெட்டில் ஒரு வகை செக் நாட்டுடையது. ராடர் இந்தியா கொடுத்தது. இரவு பகலாகத் தலைக்கு மேல் இரைந்துகொண்டு நிற்குமே ஆளில்லா விமானம், நாங்கள் வண்டு என்று சொல்லுவோம், அதுவும் இஸ்ரேலுடையது. வண்டு சுற்றினால் சமைக்கிற அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்குவோம், அது போன பிறகு எந்தப் பக்கம் செல் விழும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு இருப்போம். இவ்வளவும் வெளியிலிருந்து வந்தது, அதை யாரும் தலையீடு என்று சொல்லவில்லை. ஆனால் சனத்துக்கு ஒரு கப்பல் அரிசி கேட்டால் அது இறைமைப் பிரச்சினை. 2009 பெப்ரவரியில் உள்ளே எழுபதினாயிரம் பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது, முகாம்களுக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்களே இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் அளவில். அந்தக் கணக்குக்குத்தான் சாப்பாடும் மருந்தும் அனுப்பினார்கள். வெளியே போகவிடாமல் மறித்தவர்களும் இருந்தார்கள், உள்ளே சாப்பாடு வரவிடாமல் மறித்தவர்களும் இருந்தார்கள். மே 27-ஆம் திகதி ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைகள் சபையில் 29 நாடுகள் சேர்ந்து அரசாங்கத்தைப் பாராட்டித் தீர்மானம் போட்டன, எதிர்த்தவை 12. ஏகாதிபத்தியத்தை எதிர்க்கிறோம் என்று நாங்கள் மரியாதை வைத்திருந்த கியூபாவும் அந்த 29-க்குள் இருந்தது. வெளித் தலையீட்டை எதிர்ப்பது என்றால் அதுதான் என்று அவர்கள் நினைத்தார்கள் போல.

அந்த நாட்களில் எங்களுக்கு உண்மையில் எது உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். 2008 செப்டெம்பரில் ஐ.நா. அலுவலர்கள் கிளிநொச்சியை விட்டுப் போகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சனம் அவர்களுடைய வளாகத்துக்கு முன்னால் போய் நின்று போகாதேங்கோ என்று மன்றாடியது. வயதான அம்மாக்களும் கைக்குழந்தையோடு வந்தவர்களும் அந்தக் கேற்றில் நின்றார்கள். அந்த ஆட்களிடம் துவக்கு இல்லை, அவர்களால் ஒரு செல்லையும் தடுக்க முடியாது, அது எங்களுக்குத் தெரியும். ஆனால் வெள்ளை வாகனமும் நீலக் கொடியும் அங்கே நின்றால் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அடிக்கிறவனுக்கு ஒரு யோசனை வரும். அரசாங்கம் சொன்னதும் அவர்கள் போய்விட்டார்கள். நான்கு வருடம் கழித்து ஐ.நா. தன்னைத்தானே விசாரித்து எழுதிய அறிக்கையில், அந்தப் போரில் சனத்தைக் காப்பதில் தான் பெரிதும் தவறிவிட்டதாக ஒத்துக்கொண்டது.

நின்றவர்கள் செஞ்சிலுவைச் சங்கம். பெப்ரவரி 10-இலிருந்து மே 9 வரை அவர்களுடைய கப்பல் புதுமாத்தளனுக்கும் பிறகு முள்ளிவாய்க்காலுக்கும் வந்து போனது. கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளித்தான் நிற்கும், மீன்பிடி வள்ளத்தில் காயக்காரரை ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். சேலைன் போத்தலை ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடப்பார், பின்னால் நான்கு பேர் படங்கில் காயக்காரரைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அலை வந்தால் எல்லோரும் நிற்பார்கள். அப்படி ஏறத்தாழ 14,000 பேர் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் போய்ச் சேர்ந்தார்கள், காயக்காரரும் கூடப் போனவர்களும். ஒரு சிப்பாயும் இல்லாமல், ஒரு குண்டும் போடாமல் செய்த காரியம் அது. இன்றைக்குப் புதுக்குடியிருப்புச் சந்தையில் நடந்து திரிகிற எத்தனையோ பேர் அந்தக் கப்பலால் உயிரோடு இருப்பவர்கள். ஒரு கப்பலுக்குப் பதில் பத்துக் கப்பல் வந்திருந்தால் என்று நான் இன்றைக்கும் நினைப்பேன்.

இனி எல் பாஷருக்கு வருகிறேன். 2024 மே மாதத்திலிருந்து அந்த நகரத்தை, சூடான் இராணுவத்தோடு சண்டை பிடிக்கிற ஆர்.எஸ்.எப். என்ற துணைப்படை முற்றுகையிட்டது. நகரத்தைச் சுற்றி மண் அணை கட்டினார்கள். மண் அணை என்றால் என்ன என்று வன்னியில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உள்ளே இருந்த சனம் மாட்டுக்குப் போடுகிற கடலைப் புண்ணாக்கைத் தின்றது, கடைசியில் அதுவும் கிடைக்கவில்லை. 2025 செப்டெம்பரில் காலைத் தொழுகை நேரம் பள்ளிவாசல் மீது ட்ரோன் அடித்ததில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2025 ஒக்டோபர் 26-ஆம் திகதி நகரம் விழுந்தது. வைத்தியசாலைக்குள் இருந்தவர்களையும் கொன்றார்கள், 460-க்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. முற்றுகையை நிறுத்து என்று பாதுகாப்புச் சபை 2024 ஜூனிலேயே தீர்மானம் எடுத்திருந்தது, யாரும் கேட்கவில்லை. 2024 நவம்பரில் இன்னொரு தீர்மானம் வந்தபோது 14 நாடுகள் ஆதரவு, ரஷ்யா ஒன்று வீட்டோ. மறுபக்கம் சூடான் இராணுவமும் சுத்தமில்லை, சாட் எல்லையில் அட்ரே வழியைப் பல மாதம் மூடி வைத்து எல் பாஷர் இருக்கிற டார்பூர் பகுதிக்குப் போகிற சாப்பாட்டை மறித்தது அவர்கள்.

இந்தப் போரில் வெளியார் தலையிடக் கூடாதா? தலையிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் ஐயா. ஆர்.எஸ்.எப். படைக்கு ஐக்கிய அரபு இராச்சியம் ஆயுதம் கொடுக்கிறது என்று ஐ.நா. நிபுணர்களே நம்பத்தகுந்த குற்றச்சாட்டு என்று எழுதிவிட்டார்கள். அந்த நாடு மறுக்கிறது. கொலம்பியாவிலிருந்து கூலிப்படையே வந்து சண்டை பிடித்தது. இராணுவத்தின் பக்கம் எகிப்து, துருக்கி ட்ரோன், ஈரான் ட்ரோன். டார்பூருக்கு ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்று ஐ.நா. தடை 2004-இலிருந்து இருக்கிறது, அந்தத் தடையை மதி என்று கேட்பதற்கு ஒரு படையும் தேவையில்லை. சூடானில் தோண்டுகிற தங்கத்தில் பெரும்பகுதி போய்ச் சேருவது டுபாய்க்கு. எங்கள் பிள்ளைகளும் டுபாயில் வேலை செய்கிறார்கள், கலியாணத்துக்கு டுபாய் நகை என்று பெருமையாகச் சொல்லுகிறோம். அந்த வேலையை விடச் சொல்லவில்லை, அது எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிற காசு. ஆனால் இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத தூரத்து நாட்டுக் கதை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

அதனால் படை வேண்டாம் என்று எழுதிய அந்த வாசகரிடம் நான் கேட்பது, அதே பேனாவால் ஆயுதமும் வேண்டாம் என்று எழுதுங்கள், லொறியை மறிக்காதே என்று எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருக்க ஆட்களை உள்ளே விடு என்று எழுதுங்கள். ஒரு நல்ல விஷயமும் நடந்தது. 2025 நவம்பர் 14-இல் ஜெனிவாவில் எல் பாஷருக்காக விசேட அமர்வு கூடி, என்ன நடந்தது என்று விசாரிக்கும்படி வாக்கெடுப்பே இல்லாமல் தீர்மானம் எடுத்தார்கள். 2009-இல் எங்களுக்குக் கிடைக்காதது அந்தச் சனத்துக்குக் கிடைத்ததில் எனக்கு மனதாரச் சந்தோஷம். அந்த விசாரணைக்காரரை நாட்டுக்குள் விடுகிறார்களா, சாட்சி சொல்கிறவர்களைப் பிறகு தொல்லைப்படுத்தாமல் விடுகிறார்களா என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும், அதில் எங்களுக்கு இருக்கிற அனுபவம் வேறு யாருக்கு இருக்கிறது?

எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொரு மார்ச்சிலும் ஜெனிவா போகிறார்கள். எங்களுக்கு நீதி கேட்கிற அதே மேசையில் சூடானுக்காகவும் இரண்டு நிமிடம் பேசுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், 2009-இல் நீங்கள் பனியிலும் குளிரிலும் தெருவில் நின்றபோது உங்களோடு வந்து நின்றவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும், இப்போது சூடான்காரர் நிற்கிறார்கள், போய் நில்லுங்கள். ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சூடான் செய்தியை உள்பக்கத்தில் நாலு வரியாகப் போடாமல், எந்த நாடு யாருக்கு ஆயுதம் கொடுக்கிறது, எந்த எல்லை வழி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை வாரம் ஒருமுறையாவது எழுதுங்கள். வன்னியில் அதை வாசிக்க ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
புதுக்குடியிருப்பு.