அந்தப் பிள்ளையின் பெயரைத் திரும்பச் சேருங்கள், சுவாமி

எங்கள் பங்குத்தந்தைக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும்,

நடந்தது உங்களுக்குத் தெரியும், அதனால் முழுக்கதையையும் எழுதப்போவதில்லை. உயிர்த்த ஞாயிறு முடிந்த அடுத்த வாரம் மறைக்கல்வி வகுப்பில் என் அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். அதற்காக அவளை வெளியே நிற்க வைத்தீர்கள், அப்புறம் ஆயர் வந்து தரும் உறுதிப்பூசுதல் அருட்சாதனத்துக்கான பட்டியலில் இருந்தும் அவள் பெயரை வெட்டிவிட்டீர்கள். விசுவாசம் இல்லாத பிள்ளைக்கு உறுதிப்பூசுதல் எதற்கு என்று எங்கள் அம்மாவிடமே சொன்னீர்கள்.

அவள் கேட்டது இதுதான்: "கல்லறையில உடல் இல்லன்னா உயிர்த்துட்டாருன்னு எப்படி டீச்சர் சொல்றது? எங்க அம்மாவோட உடலும்தான் கிடைக்கல."

2025 நவம்பரில் இலங்கையில் டித்வா புயல் வந்தபோது எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு மேலிருந்த மலை சரிந்து இறங்கியது. தோட்டத்து ஆட்கள் மண்வெட்டியோடு தேடினார்கள், படையினர் தேடினார்கள், பாதை திறந்த பிறகு பெக்கோ இயந்திரம் வந்து தோண்டியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கிடைத்தார்கள், அக்கா கிடைக்கவில்லை. பெட்டி இல்லை, குழி இல்லை. வருகிற நவம்பர் 2ஆம் திகதி, இறந்தோர் நினைவு நாளில், எல்லாரும் மெழுகுதிரியோடு சேமக்காலைக் கல்லறைகளுக்குப் போவார்கள், இந்தப் பிள்ளை எங்கே போய் ஏற்றுவாள்? காணாமல் போன உடலைப் பற்றி இந்த வட்டாரத்தில் அவளைவிட அதிகமாக யோசித்தவர் யாரும் இருக்க முடியாது, சுவாமி. அவள் வாயாடவில்லை.

அவள் கேள்விக்குப் பதில் வேதாகமத்திலேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. யோவான் நற்செய்தியில் வெறும் கல்லறையைப் பார்த்த மகதலா மரியா, உயிர்த்துவிட்டார் என்று சொல்லவில்லை, ஆண்டவரை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், எங்கே வைத்தார்களோ என்று அழுகிறார். எதிரே நின்ற இயேசுவையே தோட்டக்காரர் என்று நினைக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. உடலைச் சீடர்கள் திருடினார்கள் என்ற பேச்சு அந்தக் காலத்திலேயே இருந்ததை மத்தேயு மறைக்காமல் எழுதியிருக்கிறார். பெண்கள் வந்து சொன்னதைத் திருத்தூதர்களே பிதற்றல் என்று தள்ளியதை லூக்கா எழுதியிருக்கிறார். மாற்கு நற்செய்தியோ 4ஆம் நூற்றாண்டின் சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில், பெண்கள் பயந்து ஓடி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு முடிந்துவிடுகிறது. இதையெல்லாம் 15 வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடாதா? கலிலேயா மலையில் இயேசுவைக் கண்டு பணிந்தவர்களிலும் சிலர் ஐயப்பட்டார்கள் என்று மத்தேயு கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. ஐயப்பட்டவர்களை அவர் மலையை விட்டு இறக்கிவிடவில்லை, அவர்களையும் சேர்த்துத்தான் உலகமெங்கும் போகச் சொன்னார்.

நான் உயிர்ப்பை நம்புகிறேன். அக்கா போன பிறகு அந்த நம்பிக்கை சில இரவுகளில் என் கையில் நிற்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் கேட்கிறேன், அவள் பெயரைத் திரும்பச் சேருங்கள்.

எங்கள் சனங்களுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்ல ஆள் குறைவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கேள்வி கேட்டால் முறைப்பு, கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்டால் அரைநாள் சம்பளமான அரைப்பேர், தொழிற்சங்கக் காரியாலயத்தில் கேட்டால் பிறகு வா, மண்சரிவுக்குப் பிறகு வீட்டுக்கு எங்கே காணி என்று கேட்டால் இன்னொரு படிவம். கோயிலிலாவது கேட்கலாம் என்று அந்தப் பிள்ளை நினைத்தாள். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டு வைத்து அத்தனை பேரைக் கொன்றது யார் திட்டம், உண்மையைச் சொல்லுங்கள் என்று அரசாங்கம் மாற மாறக் கேட்டுக்கொண்டிருப்பது நம்முடைய திருச்சபைதானே? அந்தக் கேள்வியை யாராவது அடக்கினால் நமக்குக் கோபம் வருகிறது. அதே நியாயம் ஒரு தாயில்லாப் பிள்ளைக்கும் உண்டு.

சரி, கோபத்தில் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயர் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து யோவான் 20ஆம் அதிகாரத்தை அவளோடு சேர்ந்து வாசியுங்கள். தெரியாத இடத்தில் எனக்கும் தெரியாது மகள் என்று சொல்லுங்கள், அவள் தாங்குவாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் முன்னால்தான் அவளை வெளியே அனுப்பினீர்கள், அதே பிள்ளைகள் முன்னால் உள்ளே கூப்பிடுங்கள். அவள் பெயரைத் திரும்பச் சேருங்கள், சுவாமி. தாழ்மையாகக் கேட்கிறேன்.

உங்கள் பங்கைச் சேர்ந்த,
அந்தப் பிள்ளையின் சித்தி